ஏரிக்கரைக் கிளையில் ஆள் இல்லை

புது பிளைவுட் வாசனை எனக்குப் பிடிக்கும் என்பது உனக்குத் தெரியும். நூலகத்துக்குப் புது அலமாரி வந்தால் கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டு மூச்சை இழுப்பேன். நீ பின்னால் நின்று, "ஒரு நாள் உள்ளயே வெச்சுப் பூட்டிடப் போறேன்" என்று சிரிப்பாய். இன்று காலை உன் கிளை நூலகத்தில் கால் வைத்ததும் அதே வாசனை முகத்தில் அடித்தது. இந்த முறை நான் மூச்சை இழுக்கவில்லை.

உன் வீட்டுக்குப் போகும் வழிதானே என்று முடிச்சூர் சாலையில் இறங்கி, ஏரிக்கரைத் தெருவுக்குள் நடந்து வந்தேன். நீ கிளையை விட்டுப் போனபின் அந்தப் பக்கம் வரவே இல்லை. கட்டடத்துக்கு வெள்ளையும் நீலமுமாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். உன் மேசை இருந்த இடத்தில் ஆளுயரத்துக்கு ஒரு பிளைவுட் கூடு. அதன் நடுவில் பெரிய தொடுதிரை. "வணக்கம். உங்களுக்கு என்ன தகவல் தேவை?" என்று அதில் எழுத்து ஓடுகிறது. கீழே ஆறு கட்டங்கள். புத்தகங்கள் சுவரோரம் அப்படியே இருக்கின்றன, ஆனால் முன்னால் நைலான் கயிறு கட்டியிருக்கிறார்கள். வேறு கிளையிலிருந்து ஒரு நூலகர் வாரத்தில் இரண்டு நாள் வந்து கயிற்றை அவிழ்ப்பாராம். மற்ற நாட்களில் காவலாளி கதவைத் திறக்கிறார், பூட்டுகிறார், அவ்வளவுதான்.

திரைக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். வேட்டி, தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ரேஷன் அட்டை. ஏரிக்கரையில் தலைமுறைகளாக இருக்கும் குடும்பத்தவராக இருக்க வேண்டும். விரலை நீட்டுவார், தொடாமல் இழுத்துக்கொள்வார்.

"இன்னாம்மா இது, தொட்டா ஓடிக்கினே கீது? மருமவ பேரு கார்டுல ஏத்தணும். எத்த அமுக்கறது?" என்று என்னைக் கேட்டார்.

நான் காவலாளியைப் பார்த்தேன். "எனக்கு அதெல்லாம் தெரியாது மேடம். ஸ்கிரீன்ல கறை படாம பாத்துக்கச் சொல்லிருக்காங்க" என்றார் அவர். தொடுதிரையைத் தொடாமல் காக்க ஓர் ஆள் போட்டிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே இருமியிருப்பாய்.

நானே அமுக்கிப் பார்த்தேன். முதல் கட்டம், இரண்டாம் கட்டம், அப்புறம் கைப்பேசிக்கு வரும் எண்ணைப் போடச் சொன்னது. பெரியவரின் அட்டையோடு இணைத்திருந்தது மகனின் எண். மகன் மறைமலை நகரில் ஷிப்டில் இருக்கிறான். பெரியவர் தன் போனில் அவனைக் கூப்பிட்டார், அவன் எடுக்கவில்லை. சற்றுநேரம் பொறுத்த திரை, எங்களைக் கைவிட்டு மறுபடி வணக்கம் சொன்னது. "சர்தான் வுடும்மா" என்று அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நீ அவரை அப்படிப் போக விட்டிருக்க மாட்டாய். முதலில் உட்காரச் சொல்லியிருப்பாய். மருமகள் எந்த ஊர், அங்கே பழைய அட்டையில் பெயர் நீக்கியாகிவிட்டதா, கல்யாணத்தைப் பதிவு செய்தார்களா என்று கேட்டுக்கொண்டே போயிருப்பாய். பாதி வழியிலேயே அவருக்கு வேண்டியது வேறு ஏதோ என்று தெரிந்திருக்கும். உன்னிடம் வந்தவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் நடந்தது.

பாம்புப் புத்தகம் கேட்டு வந்தவனை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. பெரிய மழை விட்ட மறுநாள். புதுப் புத்தகக் கட்டோடு நான் உன் கிளைக்கு வந்திருந்தேன். லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவன் வாசலிலேயே நின்று, "மேடம், பாம்பு புஸ்தகம் எதுனா கீதா?" என்றான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. விலங்கியல், அதில் ஊர்வன என்று அலமாரிக்குப் போய் இரண்டு புத்தகங்களை உருவினேன். நீ நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"எதுக்குப்பா பாம்பு புஸ்தகம்?"

"எது கட்ச்சா ஆபத்து, எது கட்ச்சா இல்லன்னு பாக்கணும் மேடம்."

"பாம்பு இப்ப எங்க இருக்கு?"

"பாத்ரூம்ல."

"வீட்ல யாரு இருக்கா?"

"சம்சாரமும் கொயந்தயும்."

நீ ஒரு கையால் போனை எடுத்துத் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டாய். மறு கையால் அவனை, "போய் ரெண்டு பேரையும் வெளிய இழுத்துனு வா, நிக்காதே" என்று விரட்டினாய். அவன் ஓடினான். இரண்டு கைகளிலும் இரண்டு புத்தகங்களோடு நான் நின்றுகொண்டிருந்தேன். "உள்ள வெச்சிடுடி. பாம்பு படிக்க வந்தா குடுக்கலாம்" என்றாய்.

அன்று தாம்பரம் வரை ஷேர் ஆட்டோவில் போகும்போது நீ சொன்னது: "கேக்கறது ஒண்ணா இருக்கும், வேண்டியது ஒண்ணா இருக்கும். நடுவுல நாலு கேள்வி கேக்க ஒரு ஆள் வேணும்டி. அதுக்குத்தான் நமக்குச் சம்பளம்." எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. எனக்குச் சம்பளம் கொடுத்தது வேறு வேலைக்கு.

நாம் இருவரும் ஒரே பயிற்சி வகுப்பில், ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். வேலை வந்தபோது நீ கிளை நூலகத்தைக் கேட்டு வாங்கினாய். நான் மைய நூலகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போனேன். வருகிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் கொடுத்து, அது எதைப் பற்றியது என்று ஒரே வரியில் தலைப்பு போடுகிற வேலை. "புஸ்தகத்துக்கு நெத்தியில பட்டை போடறவ" என்று என்னைக் கேலி செய்வாய். நான் அதில் கெட்டிக்காரி, இன்றும் சொல்லிக்கொள்வேன். ஐந்நூறு பக்கத்தைப் புரட்டிப் பார்த்து நான்கு சொல்லில் தலைப்பு போடுவேன், யாரும் மாற்ற முடியாது.

எங்கள் பிரிவில் ஒரு வைராக்கியம் இருந்தது. எதையும் 'இதர' என்ற தலைப்பில் தள்ளக் கூடாது. எதைப் பற்றியது என்று கண்டுபிடிக்க முடியாத சோம்பேறிதான் அப்படிச் செய்வான், வீட்டைப் பெருக்கிக் குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளுகிற மாதிரி. புதிதாக வந்த பையன்கள் 'இதர' போட்டால் நான் சத்தம் போட்டுத் திருப்பிக் கொடுப்பேன். இதை உன்னிடம் பெருமையாகச் சொன்னபோது நீ தோசையைப் பிட்டுக்கொண்டே சொன்னாய்: "உனக்கு உலகத்துல இதரவே கிடையாது. என் கிளைக்கு வர்றது முழுக்க இதரதான்." எனக்கு அது வெறும் கேலியாகத்தான் பட்டது.

அப்புறம் டெல்லியிலிருந்து அந்த வரைவு வந்தது. மின்னணுச் சமுதாயத்தில் நூலகங்களும் தகவல் சேவைகளும் எப்படி இருக்க வேண்டும் என்று நாடு முழுக்கவும் ஒரே திட்டம். கருத்து இருந்தால் எழுதலாம் என்று சுற்றறிக்கை போட்டிருந்தார்கள். நம்மில் பெரும்பாலோர் அதைக் கோப்பில் குத்திவிட்டு வேலையைப் பார்த்தோம். நீ மட்டும் அதை முழுசாக அச்சடித்து எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிட்லப்பாக்கத்தில் என் வீட்டுக்கு வந்தாய்.

குறை சொல்லக் கூடாது, நன்றாகவே எழுதியிருந்தார்கள். எல்லாருக்கும் தகவல், யாரும் விட்டுப்போகக் கூடாது, கடைக்கோடி மனிதனுக்கும் இணைப்பு என்று பக்கம் பக்கமாக இருந்தது. நீ பென்சிலைக் கூராகச் சீவி வைத்துக்கொண்டு, 'நூலகர்' என்ற சொல் வருகிற இடத்தில் எல்லாம் வட்டம் போடப் போவதாகச் சொன்னாய். கடைசிப் பக்கம் வரை போனாய். பென்சில் கூர் அப்படியே இருந்தது.

"கட்டடம் இருக்கு, கம்ப்யூட்டர் இருக்கு, கேபிள்கூட இருக்கு. நம்மளத்தான் காணோம்" என்றாய்.

பிறகு என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாய். நான் சாம்பார் வைத்து, பொரியல் செய்து, அப்பளம் பொரிக்கும்வரை எழுதினாய். நாலு பக்கம். கோடு போட்ட தாளில், அடித்தல் திருத்தல் இல்லாமல், கிளை நூலகப் பதிவேட்டில் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்து.

அதில் பாம்பு வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தை மூன்று நாள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். இன்று ராத்திரி மின்சாரம் நிறுத்தப்படும், உடனே இந்த எண்ணைக் கூப்பிடவும் என்று போனில் வந்த செய்தியை நம்பிக் கூப்பிடப் போனவரை நீ தடுத்ததையும் எழுதியிருந்தாய். பிள்ளையார் கோயில் வாசலில் பூ விற்கிற கன்னியம்மா, போனில் எது வந்தாலும் உன்னிடம் காட்டிவிட்டுத்தான் அழிப்பாள் என்பதையும். கடைசிப் பத்தி எனக்கு மனப்பாடம்:

"எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் புத்தகம் கேட்டு வருவதில்லை. தங்களுக்கு என்ன தெரியவில்லை என்பதே தெரியாமல் வருகிறார்கள். அவர்களுக்குக் கணினி கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கணினிக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டால், பக்கத்தில் இன்னொரு நாற்காலியும் போடுங்கள். அதில் ஓர் ஆள் உட்கார வேண்டும். கணினியா ஆளா, ஏதாவது ஒன்றுதான் தர முடியும் என்றால், ஆளைக் கொடுங்கள்."

நான் படித்து முடித்ததும், "எப்படி இருக்கு?" என்றாய். ஒரு நாளும் நீ என்னிடம் எதற்கும் அப்படிக் கேட்டதில்லை. "நல்லா இருக்குடி" என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. கணினியில் ஏற்றும் வேலையை என்னிடம் விட்டாய். எங்கள் பிரிவில்தான் அதற்கான கணக்கும் கடவுச்சொல்லும் இருந்தன. போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "ஒரு வார்த்தை விடாம போட்டுடு" என்றாய்.

இனி எழுதப்போவதை உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். முதலில் கருத்து எதைப் பற்றியது என்று தேர்ந்தெடுக்கச் சொன்னது. கட்டடம், நூல்கள், உபகரணம், இணைய வசதி, இதர. அதற்குக் கீழே முந்நூறு எழுத்து மட்டும் கொள்ளுகிற ஒரு சின்னப் பெட்டி, ஆங்கிலத்தில் மட்டும்.

உன் நாலு பக்கத்தை மேசையில் விரித்து வைத்து நெடுநேரம் பார்த்தேன். கட்டடத்தைப் பற்றி நீ எழுதவில்லை. நூல்களைப் பற்றியும் இல்லை. அம்புக்குறி 'இதர'வுக்கு மேல் போய் நின்றது. என் கை அதை அமுக்கவில்லை. இத்தனை வருஷம் எத்தனை பேர் வேலையை அந்த ஒரு சொல்லுக்காகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்! உன் எழுத்தைப் போய் 'இதர'வில் போடுவதா என்று எனக்கு ரோஷம் வந்தது. மரியாதையாக ஓர் இடத்தில் வைக்க வேண்டும் என்று நினைத்தேன். போனில் வந்த செய்தி, இணையத்தில் நிரப்பும் படிவம் என்றெல்லாம் இருக்கிறதே என்று 'இணைய வசதி'யைத் தேர்ந்தெடுத்தேன். பெட்டிக்குள் நான் ஆங்கிலத்தில் எழுதியது தமிழில் இப்படி வரும்: "கிளை நூலகத்துக்கு வரும் பொதுமக்கள் இணையச் சேவைகளைப் பயன்படுத்த உரிய வசதி தேவை."

கச்சிதமாக இருந்தது. எழுத்து மிச்சம்கூட இருந்தது. ஒப்புகைச் சீட்டை அச்செடுத்து வைத்துக்கொண்டு உனக்குப் போன் செய்து, "போயிடுச்சுடி" என்றேன். "முழுசாவா?" என்று கேட்டாய். "ம்" என்றேன். அந்த ஒரு 'ம்'மோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

'இதர'வைத் தேர்ந்தெடுத்தால் கோப்பு இணைக்க ஓர் இடம் திறக்கும் என்பது பல மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. வேறொரு கிளைக்காரர் டீ குடிக்கும்போது சாதாரணமாகச் சொன்னார், "நான் இதர போட்டு எட்டுப் பக்கம் ஏத்திட்டேன் மேடம்" என்று. குடித்துக்கொண்டிருந்த கண்ணாடி டம்ளரை அப்படியே கீழே வைத்தேன். சூடு தாங்கவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

அதற்குள் பட்டியல் வந்துவிட்டது. 'இணைய வசதி கோரிய கிளைகள்' என்ற தலைப்பில் ஏரிக்கரைக் கிளை. கோரிக்கை ஏற்கப்பட்டது. திரை வரும், அதிவேக இணைப்பு வரும். இப்படி வசதி பெறும் கிளைகளில் முழுநேர நூலகர் தேவைப்படாது என்பதால் பணியிடம் வேறு கிளைக்கு மாற்றப்படும். உன்னைச் சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அப்பால் போட்டார்கள். ஓய்வுக்கு இரண்டு வருஷம்கூட இல்லாத நிலையில் மின்சார ரயில், அதற்குப் பிறகு பஸ், அதற்குப் பிறகு நடை.

நீ அழவில்லை, கத்தவும் இல்லை. கடைசி நாளில் உன் மேசை இழுப்பறையைக் காலி செய்ய நான் வந்தேன். கன்னியம்மா ஒரு முழம் மல்லிகை கொண்டுவந்து உன் தலையில் அவளே வைத்தாள்.

"இன்னாக்கா, நீ போய்ட்டா நான் யார்ட்ட காட்டுவேன்?" என்றாள்.

"பொண்ணுதான் ப்ளஸ் டூ முடிச்சுட்டாளே கன்னியம்மா, அவ படிப்பா" என்றாய். "காலேஜ் கவுன்சிலிங் மெசேஜ் வந்தா மட்டும் எனக்குப் போன் போட்டுடு, மறந்துடாதே."

மறக்கவில்லை அவர்கள். போன் போட வேண்டிய அவசியம் இருக்கிறது என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். கன்னியம்மாவின் மகள் சரண்யா புத்திசாலி. ஆன்லைனில் கலந்தாய்வுக்கு அவளே பதிந்தாள். கல்லூரி ஒதுக்கீடாகிவிட்டது என்று செய்தி வந்ததும், உன் கிளையின் புதுத் திரையில்தான் திறந்து பார்த்திருக்கிறாள், அங்கேயே அச்சும் எடுத்திருக்கிறாள். கன்னியம்மா தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். அதற்குப் பிறகு இன்னொரு பக்கத்துக்குப் போய், 'ஏற்றுக்கொள்கிறேன்' என்பதை அமுக்க வேண்டும், அதற்கு ஒரு கெடு உண்டு என்பது யாருக்கும் தெரியவில்லை. கிடைத்துவிட்டது என்று போட்டிருந்தால் கிடைத்துவிட்டது என்றுதானே யாரும் நினைப்பார்கள்? கல்லூரி திறக்கும் நாள் கேட்கப் போனபோது இடம் வேறு யாருக்கோ போயிருந்தது.

திரை சரியாகத்தான் வேலை செய்தது. இணைப்பும் வேகமாகத்தான் இருந்தது. "அப்புறம் என்னம்மா பண்ணே?" என்று கேட்கத்தான் பக்கத்து நாற்காலியில் ஆள் இல்லை.

நீ அதைக் கேள்விப்பட்ட அன்று வேலையிலிருந்து நேராகத் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி என்னைக் கூப்பிட்டாய். நான் வந்தபோது மேற்குப் பக்கப் படிக்கட்டுக்குக் கீழே, பழக்கடை ஓரமாக நின்றிருந்தாய். முகம் கறுத்திருந்தது. உன்னை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"ஒரு பட்டன்டி" என்றாய். "ஒரே ஒரு பட்டன்."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். நீ கேட்டாய்:

"நான் எழுதினத அவங்க படிச்சிருப்பாங்க இல்ல?"

அப்போது எனக்கு எல்லாம் தெரியும். கோப்பு இணைக்க இடம் இருந்தது தெரியும், பட்டியலின் தலைப்பு என் தலைப்புதான் என்பதும் தெரியும். சொல்லியிருக்க வேண்டும். நீ திட்டியிருப்பாய். ஒரு மாதம் பேசாமல் இருந்திருப்பாய். அப்புறம் ஒரு நாள் தோசை சாப்பிடக் கூப்பிட்டிருப்பாய். எனக்கு அந்த ஒரு மாதம் பயமாக இருந்தது.

"படிச்சிருப்பாங்கடி. படிக்காம என்ன" என்றேன்.

"படிச்சுட்டும் இப்படிப் பண்ணிருக்காங்கன்னா அப்புறம் என்னத்தச் சொல்றது" என்றாய். அதற்கு மேல் நீ அதைப் பற்றிப் பேசவே இல்லை. பழக்கடையில் ஆரஞ்சு வாங்கி, பாதியை என் பையில் போட்டுவிட்டுப் போனாய்.

மார்கழியில் ஒரு காலை, வண்டிக்குக் கிளம்ப வாசல்வரை வந்து, படியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் வீட்டுக்காரர் போன் செய்தார். மருத்துவமனைக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் சாவுக்கும் அந்தத் திரைக்கும் முடிச்சுப் போட மாட்டேன், அது அபாண்டம். உனக்கு முன்பே இதயத்தில் கோளாறு இருந்தது, மாத்திரையை ஒழுங்காகப் போட மாட்டாய். ஆனால் அந்தக் கடைசி மாதங்களில் நீ எதையும் திருப்பிக் கேட்காதவளாகிவிட்டாய். நான் ஏதாவது சொன்னால், "சரி" என்பாய். நாலு கேள்வி கேட்கிற ஆள் 'சரி' என்று சொல்ல ஆரம்பித்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரண்யா இப்போது மறைமலை நகரில் கார் பாகம் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். காலையில் தாம்பரத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்பதை அவ்வப்போது பார்ப்பேன். "நல்லா இருக்கியாம்மா?" என்பேன். "நல்லா கீறேன் ஆன்ட்டி" என்பாள். அடுத்த வருஷம் மறுபடி முயற்சி செய்யலாமே என்று ஒரு தடவை சொன்னேன். "பாக்கலாம் ஆன்ட்டி" என்று பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். அவள் முயற்சி செய்ய மாட்டாள். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாம் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தகவல் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் லீவு போட வேண்டும். இப்போது எல்லாம் எல்லார் உள்ளங்கையிலும் இருக்கிறது. இனி நூலகத்தில் ஆள் எதற்கு என்று ஒருவர் கேட்டால், வாதாட எனக்குத் தெம்பு இல்லை. உன்னைப் போல நாலு பக்கம் எழுத ஒருத்தி எங்காவது இருப்பாள். அதைச் சுருக்க என்னைப் போல ஒருத்தியும் இருப்பாள். இது மாறும் என்று உனக்கு எழுதினால் நீ நம்ப மாட்டாய், நானும் நம்பவில்லை.

இன்று உன் வீட்டுக்குப் போனேன் என்று சொன்னேன் இல்லையா. உன் வீட்டுக்கார அண்ணாதான் நேற்றுக் கூப்பிட்டிருந்தார். நீ டெல்லிக்கு எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டார். நாலு பக்கத்தையும் ஒப்புகைச் சீட்டையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போனேன். இன்றாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்பினேன். யாரிடமாவது.

அண்ணா தானே காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை தூக்கல். நீ அவரை அடுப்படிப் பக்கமே விட்டதில்லை, பாவம். உன் கையெழுத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். படிக்கவில்லை, எழுத்தின் மேல் விரலை மட்டும் ஓட்டினார்.

"ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டலாம்னு இருக்கேன்மா. நாலு பக்கமும் தெரியற மாதிரி" என்றார். "அவ பெரிசா எதுவும் சேத்து வெக்கல. இது ஒண்ணுதான்."

"நல்ல யோசனைண்ணா" என்றேன்.

"கடைசி வரைக்கும் இதுல அவளுக்கு ஒரு திருப்தி. சொல்ல வேண்டியத சொல்லிட்டேன், அது போய்ச் சேந்துடுச்சு, கேக்கறதும் கேக்காததும் அவங்க இஷ்டம்னு சொல்லுவா." அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத அப்படியேதான அனுப்பினீங்க? ஒரு வார்த்தை விடாம?"

பையின் உள்ளறையில் ஒப்புகைச் சீட்டு இருந்தது. எடுத்து அவர் முன்னால் வைத்தால் போதும், நான் வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

"ஆமாண்ணா" என்றேன்.

அவர் தாள்களைச் சீராக அடுக்கி, ஒரு பழைய நாட்காட்டி அட்டைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். நான் விடைபெற்று வந்துவிட்டேன். சீட்டு என்னிடமே இருக்கிறது. நான் போகும்வரை என்னிடம்தான் இருக்கும், வேறு யாரிடம் கொடுப்பது?

நீ திருப்தியோடு போனாய் என்பது எனக்கு ஆறுதலாக இருக்க வேண்டும். இல்லையடி. அவர்கள் படித்துவிட்டு உன்னைத் தள்ளவில்லை. அது அவர்கள் கைக்குப் போகவே இல்லை. உன் நாலு பக்கத்தையும் முழுசாகப் படித்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்திதான். படித்துவிட்டு, அதற்கு ஒரு தலைப்பு போட்டு மூடினேன்.